பதினான்கு வயதுப் பையனின் மார்பில் கட்டி

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நான்கு மாதங்களாக அவனுடைய இடது மார்புக் காம்புக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறான். விளையாட்டு வகுப்புக்குக்கூடப் போக மறுக்கிறான். என் மாமியார் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். அதே நோய் இவனுக்கும் வந்துவிட்டதோ என்று தூக்கமில்லாமல் தவிக்கிறேன்.
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: நீங்கள் விவரித்திருப்பது, பருவ வயதுப் பையன்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வந்து போகும் மார்பு வீக்கத்தோடு பெரிதும் பொருந்துகிறது. ஆண் உடலிலும் பெண்மைக்குரிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உண்டு; ஆண்மைக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவுக்கு உயராத அந்த இடைக்காலத்தில் அதன் கை ஓங்குவதால், காம்புக்கு நேர் கீழே உள்ள திசு ரப்பர் போலத் திரண்டு வலிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வருவதும் உண்டு. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே வற்றிவிடும்.

மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். சிறுவர்களிடம் அபூர்வமாகக் காணப்படும் சுரப்பு வகைப் புற்று, 1966-இல் குழந்தைகளிடம் விவரிக்கப்பட்டதால் 'இளையோர் புற்று' என்றே முதலில் அழைக்கப்பட்டது; அது பெரும்பாலும் வலியில்லாமல் மெதுவாக வளர்வது, அறுவை சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது. இருந்தாலும், கட்டி கல் போல இறுகியிருந்தாலோ, காம்பை விட்டு விலகியிருந்தாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளிழுத்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மாமியாரின் நோயைப் பொறுத்தவரை, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக் கோளாறு தந்தை வழியாகவும் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அது ஆண்களிடம் வெளிப்படுவது நடுவயதுக்குப் பிறகுதான் என்பதால், இப்போது மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டியவர் உங்கள் மகனைவிட உங்கள் கணவரே.

மேலே சொன்ன எச்சரிக்கை அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும், ஒருமுறை குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அவர் விதைகளையும் சோதிப்பார். விதைகள் வயதுக்கேற்ப வளராமல் சிறுத்திருந்தால், கூடுதல் எக்ஸ் குரோமோசோமால் வரும் கிளைன்ஃபெல்டர் நிலையா என்று பார்க்க வேண்டியிருக்கும். விதைகளையும் சோதிப்பார்கள் என்பதை மகனிடம் முன்கூட்டியே சொல்லி, அப்பாவோடு அனுப்புங்கள். அவன் உட்கொள்ளும் மாத்திரைகள், உடற்பயிற்சிக் கூடத்தில் கொடுக்கும் பவுடர்கள் எதையும் மறைக்க வேண்டாம். சில மருந்துகளும் ஸ்டீராய்டுகளும் இவ்வீக்கத்தை உண்டாக்கும். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். அதுவரை தினமும் கட்டியை அழுத்திப் பார்ப்பதை நீங்களும் அவனும் நிறுத்துங்கள். வலி கூடத்தான் செய்யும்.