தேதியைத் தட்டச்சு செய்யாதீர்கள், வேலையோடு கட்டுங்கள்

கேள்வி: கோவையில் ஒரு மருத்துவமனைக் கட்டுமானத்தில் திட்டமிடல் பொறியாளராக இருக்கிறேன். வேலை அட்டவணை மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருளில் இருக்கிறது. கன்சல்டன்ட்டிடம் ஒப்படைக்க வேண்டிய வரைபடங்கள், சோதனை அறிக்கைகள், மாதிரிகள் ஆகியவற்றின் பட்டியலைத் தனியாக எக்செல்லில் வைத்திருக்கிறேன். மழையால் மூன்றாம் தளம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அட்டவணையை மாற்றினேன், பட்டியலை மாற்ற விட்டுப்போனது. இன்னும் போடாத தளத்துக்குக் கியூப் அறிக்கை (கான்கிரீட்டின் வலிமைச் சோதனை அறிக்கை) எங்கே என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார்கள். என் மேலாளரோ, புதிய தேதிகளை வெளியே சொல்லவே வேண்டாம் என்கிறார். வாரந்தோறும் மாறும் அட்டவணையோடு இந்தத் தேதிகளை எப்படிப் பொருத்தி வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இதை உங்கள் மறதி என்று நினைத்து வருந்தாதீர்கள். ஒரே தேதி இரண்டு இடங்களில் இருந்தால், என்றாவது ஒரு நாள் அவற்றில் ஒன்று பொய்யாகத்தான் போகும். எத்தனை கவனமான ஆளாக இருந்தாலும் இதுதான் நடக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அட்டவணைக்குள் பூஜ்ய நாள் கால அளவுள்ள மைல்ஸ்டோனாக, அதாவது ஒரு நிகழ்வை மட்டும் குறிக்கும் வரியாகக் கொண்டுவாருங்கள். அது எந்த வேலையைச் சார்ந்ததோ அந்த வேலையோடு இணையுங்கள். எக்செல் பட்டியல் வேண்டுமென்றால் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதில் கையால் தேதி எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கியூப் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் போடும் அன்றே, சோதித்துப் பார்க்க 150 மி.மீ. கனசதுரக் கட்டிகளை, அதாவது கியூப்களை எடுக்கிறோம். 28-ஆம் நாள் வலிமைதான் ஏற்புக்கு அடிப்படை. ஆகவே அறிக்கையின் தேதி கான்கிரீட் போட்ட நாளிலிருந்து தானாகப் பிறக்க வேண்டும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இணைப்பில் இடைவெளியாக வெறுமனே 28 நாள் என்று கொடுத்தால் மென்பொருள் வேலை நாட்களை மட்டுமே எண்ணும். ஞாயிறு விடுமுறை உள்ள நாட்காட்டியில் அது 32 நாட்களாவது ஆகிவிடும். கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் இறுகிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் ‘எலாப்ஸ்டு டே’ எனப்படும் தொடர் நாள் கணக்கில் 28 கொடுங்கள். ஆய்வகம் அறிக்கை தயாரிக்கும் நாட்களை மட்டும் தனி வேலையாக, வேலை நாள் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 2010 பதிப்பிலிருந்து புராஜெக்ட்டில் புதிதாகச் சேர்க்கும் வேலை, அமைப்பை மாற்றாவிட்டால், கைமுறைத் திட்டமிடலில்தான் வந்து நிற்கும். வரிக்குப் பக்கத்தில் குண்டூசிக் குறி தெரிந்தால் அதுதான். முன்வேலை எவ்வளவு தள்ளிப்போனாலும் அது தானாக நகராது. எல்லா வரிகளையும் தானியங்கித் திட்டமிடலுக்கு மாற்றுங்கள். தொடக்கத் தேதிக் கட்டத்தில் நேரடியாகத் தேதி அடித்தாலும், ‘அதற்கு முன் தொடங்காது’ என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஒப்பந்தம் சொல்லும் மாறாத தேதியைக் குறிக்க ‘டெட்லைன்’ என்ற கட்டம் தனியாக இருக்கிறது. அது வேலையை இழுத்துப் பிடிக்காது. தேதி தாண்டினால் சிவப்புக் குறி காட்டும், அவ்வளவுதான்.

இனி, எதை நகர்த்துவது, எதை நகர்த்தக் கூடாது என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது. தளம் இரண்டு வாரம் தள்ளிப்போனதும் மொத்தப் பட்டியலையும் இரண்டு வாரம் தள்ளிவிடும் பழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சோதனை அறிக்கை வேலைக்குப் பின்னால் வருவது, அது நகரட்டும். லிஃப்ட் நிறுவனத்தின் வரைபடம் வேலைக்கு முன்னால் வர வேண்டியது. குழியின் ஆழம், சுவர்களுக்கு இடையிலான அளவு, கதவுத் திறப்பு எல்லாம் அதில்தான் தெரியும். தளத்தை நிறுத்திய மழை, வரைபடம் போடுகிறவரின் மேசையை நிறுத்தவில்லையே! அந்தத் தேதி அங்கேயே இருக்கட்டும். கன்சல்டன்ட் ஒரு முறை திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினாலும் தாங்குவதற்கு உங்களுக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அதைக் கைநழுவ விடாதீர்கள். ஜன்னல்களின் கதை வேறு. ஆர்டர் கொடுக்கும் தேதி நகரக் கூடாது, ஆனால் பொருள் வந்து இறங்கும் தேதி நகர வேண்டும். பூச்சு வேலை முடியாத கட்டடத்தில் கண்ணாடியை அடுக்கி வைத்தால் பாதி உடையும், மீதியில் சிமெண்ட் கறை படியும்.

ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் மூன்று தேதிகள் தெரிய வேண்டும்: வாக்களித்தது, இன்றைய கணிப்பு, உண்மையில் கொடுத்தது. வாக்களித்த தேதியைப் பேஸ்லைனாக, அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மூலப் பதிவாகச் சேமியுங்கள். அதன்மேல் எதையும் எழுதாதீர்கள். புராஜெக்ட்டில் 11 பேஸ்லைன்கள் வரை வைக்கலாம். திருத்திய அட்டவணைக்கு உரிமையாளர் ஒப்புதல் தந்தால் அதை அடுத்த எண்ணில் சேமியுங்கள்.

வாரத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள், சனிக்கிழமை மாலை வசதியாக இருக்கும். கட்டுமான இடத்துப் பொறியாளரிடம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்காதீர்கள். இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று கேளுங்கள். எந்த நாள் வரையிலான நிலவரம் என்று சொல்லும் ‘ஸ்டேட்டஸ் டேட்’டை அன்றைய தேதிக்கு வைத்து, முடியாத வேலைகளை அதற்குப் பின்னால் நகர்த்துங்கள். இதைச் செய்யாவிட்டால் செய்யாத வேலை கடந்த வாரத்திலேயே கிடக்கும். அதைச் சார்ந்த தேதிகள் எல்லாம் தவறாக வரும். பிறகு மாறிய ஒப்படைப்புகளை மட்டும் பழைய தேதி, புதிய தேதி, காரணம் என்று எழுதி அனுப்புங்கள்.

கடைசியாக உங்கள் மேலாளர். தாமதத்தை ஒப்புக்கொண்டால் அபராதம் வருமே என்று அவர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் மறைப்பதில்தான் நிறுவனத்துக்கு நட்டம் அதிகம். அரசுப் பணிகளில் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் தடைகளை அவ்வப்போது எழுதி வைப்பது கால நீட்டிப்புக் கேட்கத்தான். ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியியல் ஆலோசகர்கள் அமைப்பின் 1999-ஆம் ஆண்டு ஒப்பந்த வடிவத்தில், தடை தெரிந்த 28 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் கூடுதல் காலம் கேட்கும் உரிமையே போய்விடும். மழை என்றாலும் வழக்கத்துக்கு மாறான கடும் மழைதான் அங்கே கணக்கில் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், அந்த நாட்களை நாட்காட்டியில் முன்கூட்டியே கழித்திருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் எந்த வடிவத்தில் இருக்கிறது, எத்தனை நாள் கெடு தருகிறது என்று இந்த வாரமே படியுங்கள். மூன்றாம் தளத்தின் மழைக்கு அந்தக் கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும் கட்டுமான இடத்தின் மழைப் பதிவையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போய்ப் பேசுங்கள்.