கேளுங்க சொல்றோம்: தெருமுனை ஹோட்டல் ஸ்பெஷல்

எங்க ஏரியா டிபன் ஹோட்டல்ல புதுசா ஏசி போட்டிருக்காங்க. நாலு பேர் சாப்பிட்டோம், 400 ரூபா. அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 20, அதையும் சேத்து ஜிஎஸ்டி 21. கேட்டா "எல்லாரும் குடுக்கறாங்கம்மா"ங்கறார் கல்லால இருக்கறவர். குடுத்துதான் ஆகணுமா? (வாசகி, நங்கநல்லூர்)

ஜிஎஸ்டி குடுக்கணும், சர்வீஸ் சார்ஜ் வேணாம். அதை பில்லுல தானா சேக்கக்கூடாதுன்னு 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அதை சரின்னுடுச்சு. சத்தம் போட வேணாம், "இதை எடுத்துட்டு வேற பில் போடுங்க"ன்னா போதும், முக்காவாசி இடத்துல மூஞ்ச தூக்கி வெச்சிகிட்டாவது எடுத்துடுவாங்க. எடுக்கலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க.

ஏசி போட்டதால வரி ஏறிடாது. 2017 நவம்பர் 15க்கு முன்னாடிதான் ஏசின்னா 18, இல்லன்னா 12ன்னு இருந்துச்சு, இப்ப நம்ம தெரு ஹோட்டலுக்கெல்லாம் 5 பர்சன்ட்தான், அதை ரெண்டரை ரெண்டரையா பிரிச்சு போட்டிருப்பாங்க. அப்ப உங்களுக்கு வந்திருக்க வேண்டியது 420, அவங்க வாங்கினது 441. இன்னொன்னு, சின்ன மெஸ் சிலது ஜிஎஸ்டில காம்போசிஷன்னு ஒரு திட்டத்துல இருக்கும், வருஷத்துக்கு ஒன்றரை கோடி வரைக்கும் வியாபாரம் பண்றவங்களுக்கானது அது. அவங்க கஸ்டமர்கிட்ட ஜிஎஸ்டியே வாங்கக்கூடாது, பில்லுலயே அப்படி அச்சடிச்சிருக்கணும். டிப்ஸ் குடுக்கணும்னு தோணினா நேரா சர்வர் கையில குடுங்க.

ரவா தோசை கேட்டா மட்டும் ஏன் சார் அரை மணி நேரம்? பக்கத்து டேபிள்காரர் எனக்கப்புறம் வந்து ரோஸ்ட் சாப்பிட்டு காபியும் குடிச்சிட்டு போயிட்டார். (வாசகர், பெரம்பூர்)

சாதா தோசை மாவு கெட்டி, கல்லுல ஊத்தி தேய்ச்சா ரெண்டு மூணு நிமிஷத்துல வந்துடும். ரவா தோசை மாவு மோர் மாதிரி தண்ணியா இருக்கும், ரவை அடியில போய் உக்காந்துடும், ஒவ்வொரு தடவையும் அடிவரைக்கும் கலக்கணும், அப்புறம் நல்லா காஞ்ச கல்லுல ஓரத்துலேர்ந்து உள்பக்கமா கொஞ்சம் உசரத்துலேர்ந்து விசிறணும். தேய்க்கவே கூடாது, தேய்ச்சா அந்த ஓட்டையெல்லாம் போச்சு. அந்த தண்ணி மொத்தமும் வத்தினாத்தான் மொறுமொறுப்பு வரும், அதுவரைக்கும் கல்லுல அந்த இடம் காலியாகாது. ராத்திரி எட்டு மணி கூட்டத்துல மாஸ்டர் ஒரு ரவாவுக்காக நாலு ரோஸ்ட்டை நிறுத்துவாரா? ரெண்டு மூணு ஆர்டர் சேரட்டும்னு விட்டுடுவார். சாயங்காலம் அஞ்சு, அஞ்சரைக்கு போய் பாருங்க, அதுவும் ஆனியன் ரவா கேளுங்க. அவசரமா குடுத்தாங்கன்னா நடுவுல சவசவன்னு இருக்கும், அதுக்கு பூரியே சொல்லிடலாம்.

மூணாவது தடவை சாம்பார் கேட்டா சர்வர் ஒரு மாதிரி பாக்கறாரு, கேக்கலாமா கூடாதா? (மேன்ஷன் வாசி, திருவல்லிக்கேணி)

ரத்னா கஃபே இருக்கற ஊர்ல உக்காந்துகிட்டு கேக்கற கேள்வியா இது! 1948லேர்ந்து அங்க இட்லியே தெரியாத அளவுக்கு சாம்பார் ஊத்தி குடுத்துட்டிருக்காங்க. தாராளமா கேளுங்க தம்பி. கெட்டி சட்னிய மட்டும் பாத்து கேளுங்க, தேங்கா விக்கற விலைக்கு அதுல ஓனருக்கு நிஜமாவே வலிக்கும்.

பாட்டில் தண்ணிக்கு எம்ஆர்பிக்கு மேல போட்டாங்க, சரியா? (வாசகர், அம்பத்தூர்)

உக்காந்து சாப்பிடற இடத்துல போடலாம்னு 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதனால அதுல சண்டை வேணாம். உக்காந்த உடனே "பாட்டிலா சாதாவா"ன்னு கேப்பாங்கல்ல, "சாதா"ன்னு சொல்லிடுங்க, ஜக்குல வந்துடும்.