பச்சைச் சுவரும் மணி பிளான்ட்டும்

கேள்வி: எங்கள் பழைய வீட்டு இரண்டாம் கட்டு அறைக்குப் போன வருடம் அடர் பச்சை பெயின்ட் அடித்தோம். அதிலிருந்து, ஜன்னலுக்கு எட்டடி தள்ளி வைத்திருக்கும் மணி பிளான்ட் கொடி நீண்டு மெலிகிறது, இலையும் சிறுக்கிறது. சுவர் நிறம்தான் காரணமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அதுவும் ஒரு காரணம்தான் ஆச்சி. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பித் தந்துவிடும். அடர் பச்சை பெரும்பகுதியை விழுங்கிவிடும். திருப்பித் தரும் கொஞ்சமும் பச்சை ஒளி. சிவப்பு, நீலம் அளவுக்கு இலை அதை உறிஞ்சாது.

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டுச் சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கை வைத்தால் சில்லென்று வழுக்கும். முற்றத்தில் விழும் வெயில் அதில் பட்டு வளவு முழுக்கப் பரவும். அந்த அருமை தெரியாமல் மாடி அறைக்கு நான் காவிச் சிவப்பு அடித்தேன். ஒரே மாதத்தில் கற்றாழை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. பெயின்டர் அப்போதே வேண்டாம் என்றார், கேட்டேனா!

நீங்கள் அறை முழுக்க அடிக்க வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்கு மட்டும் பளபளப்பில்லாத வெள்ளை போதும்; வெளிச்சம் சீராகச் சிதறும். முதலில் செடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஆனால் சுவர் வெளிச்சத்தை உண்டாக்காது, வருவதைத்தான் திருப்பும். எட்டடி ரொம்ப தூரம். தொட்டியை ஜன்னலுக்கு இரண்டடிக்குள் நகர்த்திவிட்டு, அப்புறம் பெயின்ட் கடைக்குப் போங்கள்.