நித்தியகல்யாணிக் கஷாயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குச் சர்க்கரை. நித்தியகல்யாணிப் பூவையும் இலையையும் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். “புற்றுநோய்க்கே இதிலிருந்துதான் மருந்து எடுக்கிறான்” என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

கே.

அன்புள்ள கே.,

புற்றுநோய் மருந்தைப் பற்றி அப்பா சொல்வது உண்மைதான். எனக்குக் கவலை தருவதும் அதுதான்.

இது மடகாஸ்கர் தீவின் செடி. அழகுக்காக உலகமெல்லாம் கொண்டுபோய் வளர்த்தார்கள். போன இடங்களில் சர்க்கரைக்கும் குடித்தார்கள். ஜமைக்காவில் அப்படிக் குடித்துவந்த இலைகளில் 25, 1952-ல் ஓர் உறைக்குள் கனடா போய், ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் கைக்கு வந்தன. அவர் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினார், சில நாட்களில் எலிகள் செத்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளே சீழ்க்கட்டிகள். வெள்ளணுக்கள் குறைந்துபோனதால் கிருமித்தொற்றைத் தாங்க முடியவில்லை.

வெள்ளணுவை இப்படி அழிப்பது ரத்தப் புற்றுக்கு மருந்தாகுமே என்று அவருக்குத் தோன்றியது பெரிய விஷயம். சார்லஸ் பியர் என்ற வேதியியலாளரும் அவரும் 1958-ல் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பின்னாலேயே அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற மருந்து வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அது முக்கியமான மருந்து. செல் இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கும். நரம்புகளுக்கும் அந்தக் குழல்கள் வேண்டும் என்பதால் கைகால் மரத்துப்போகும். அதனால்தான் பெரியவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றுகிறார்கள்.

இலையில் அந்த மருந்து இருப்பது மிகமிகச் சொற்பம். அப்பாவின் கஷாயம் புற்றுநோய்க்கும் உதவாது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது உடலில் வீரியமாக வேலைசெய்யக்கூடிய தாவர ரசாயனங்கள், செடியில் உண்டு. அன்றாடம் டம்ளரில் எது எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் அளப்பதில்லை. பிற்பாடு சில ஆய்வுகளில் எலிகளுக்குச் சர்க்கரை குறைந்தது நிஜம். மாத்திரைக்குப் பதிலாக மனிதர்கள் இதைக் குடிக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நோபிளின் எலிக்கதையை அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். தான் சொல்லும் அதே புற்றுநோய் மருந்தின் கதை என்பதால் காதுகொடுப்பார். கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். நாளைக்கே அவருடைய டாக்டரிடம் கூட்டிப்போய், என்ன குடித்தார், எத்தனை நாள் மாத்திரை போடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சர்க்கரையோடு ரத்த அணுக்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலில் மரமரப்பு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.