கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்வதற்கு முன்

கேள்வி: எங்கள் ஊரில் இரு தரப்பு மோதலால் பதற்றம். பிளஸ் டூ மாணவர்கள் நாளை மறுநாள் வகுப்பைப் புறக்கணிக்கப் போவதாகப் பேச்சு. தலைமையாசிரியராக நான் எப்படித் தயாராவது?

பதில்: இன்றே அந்த மாணவர்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கோரிக்கையை எழுதி வாங்கி, தேதியுடன் கையெழுத்திட்டு நகல் கொடுங்கள். உங்களால் ஆவது எது, முதன்மைக் கல்வி அலுவலர் முடிவு செய்ய வேண்டியது எது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ‘டிசி கிழித்துவிடுவேன்’ என்று மட்டும் மிரட்டாதீர்கள். பத்துப் பேர் கோபம் பள்ளி முழுக்கப் பரவிவிடும். மீறி உட்கார்ந்தால் வளாகத்துக்குள்ளேயே நிழலில் உட்காரட்டும். தண்ணீர் வையுங்கள், இரண்டு ஆசிரியர்கள் கூடவே இருக்கட்டும். கேட்டைப் பூட்டி வெளியே நிறுத்தினால் பிள்ளைகள் சாலைக்குப் போவார்கள், வெளியாட்கள் கலப்பார்கள்.

பெரும்பாலும் குழப்பம் வருவது வீட்டுக்கு அனுப்பும்போதுதான். வதந்தி கேட்டுப் பெற்றோர் ஒரே நேரத்தில் ஓடி வருவார்கள். ஆகவே கூட்டம் நிற்கும் பக்கத்தை விட்டு வேறு வாசலைத் திறங்கள். சின்ன வகுப்புகள் முதலில். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டோடு நின்று, அழைத்துப்போகிறவர் பெயர், உறவு, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். புது ஆள் வந்தால், அவர் சொல்லும் எண்ணுக்கு அல்ல, பள்ளிப் பதிவில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். எதிர்த்தரப்புத் தெரு வழியாக நடந்துபோகும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் துணை வேண்டும். ஆனால் சாதி வாரியாகப் பிரித்து வரிசை கட்டாதீர்கள். அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது.

2022 ஜூலை 17 அன்று கள்ளக்குறிச்சி கனியாமூரில் பள்ளிக்குள் புகுந்த கும்பல் பேருந்துகளோடு மாணவர் சான்றிதழ்களையும் எரித்தது. சேர்க்கைப் பதிவேட்டையும் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து, ஒரு நகலைப் பள்ளிக்கு வெளியே வையுங்கள். ஆய்வக ஆசிட், ஸ்பிரிட், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் பூட்டிய அறைக்குப் போகட்டும். மைதானத்தில் கட்டட வேலைக்குக் கொட்டிய ஜல்லியைப் பலரும் மறந்துவிடுவார்கள், அதையும் அப்புறப்படுத்துங்கள். கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அன்றன்றே நகல் எடுங்கள்.

காவல் ஆய்வாளரிடம் முன்கூட்டியே பேசி, சீருடைக் காவலர்கள் வகுப்பறைப் பக்கம் வராமல் தள்ளி நிற்கக் கேளுங்கள். கல்வீச்சு தொடங்கினால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மட்டுமே தகவல் போடட்டும். புதிதாக ஒன்றுமில்லை என்றாலும் சொன்ன நேரத்தில் அதையாவது போட வேண்டும். மாணவர் முகம் தெரியும் படம் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.

மறுநாள் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அன்று காலையே வகுப்பாசிரியர் போன் செய்யட்டும். பயத்தில் ஒரு வாரம் நின்ற பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம்.