உண்ணிக்கு ‘ஜீன் மருந்து’ அடிக்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் இரண்டு கலப்பினப் பசு வளர்க்கிறேன். ஒன்று கறவை, மற்றது ஐந்து மாதச் சினை. உண்ணித் தொல்லை தாங்கவில்லை. பைக்கில் வந்த ஒருவர், “இது ஜீனை அணைக்கிற அமெரிக்க மருந்து, ஒரு தடவை அடித்தால் போதும், உண்ணி முட்டையே போடாது” என்று கால் லிட்டர் பாட்டிலுக்கு 1,800 ரூபாய் சொன்னார். பாதிப் பணம் கொடுத்துவிட்டேன். “மாட்டு ஜீனும் சேர்ந்து அணைந்து, பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால்?” என்று மருமகள் பயப்படுகிறாள். அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம் அம்மா. ஆனால் மருமகள் சொல்கிற காரணத்துக்காக அல்ல. அவர் சொல்கிற சரக்கு அந்தப் பாட்டிலில் இருக்க வழியே இல்லை. மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்ததையும் திருப்பிக் கேளுங்கள்.

முதலில் மருமகளின் பயம். ஜீன் என்பது பதிவு அலுவலகத்தில் இருக்கும் மூலப் பத்திரம் மாதிரி. அதை யாரும் வெளியே எடுப்பதில்லை, வேலையெல்லாம் நகலை வைத்துத்தான் நடக்கிறது. உயிரணுவுக்குள் அந்த நகலின் பெயர் ஆர்.என்.ஏ. ஒரு ஜீனுக்குப் பொருத்தமான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செய்து பூச்சியின் உடம்புக்குள் விட்டால், ஏதோ வைரஸ் வந்துவிட்டது என்று உயிரணு அதைச் சுமார் 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கிவிடும். பிறகு அந்தத் துண்டையே அடையாளமாக வைத்து, அதே எழுத்து உள்ள சொந்த நகல்களையும் தேடித் தேடிக் கிழிக்கும். மூலப் பத்திரம் அப்படியே இருக்கும், நகல் இல்லாததால் வேலை மட்டும் நின்றுவிடும். ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டு 1998-ல் எழுதிய ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரெய்க் மெல்லோவுக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது. எழுத்து பொருந்தினால்தான் கிழிப்பு. மேலும் ஆர்.என்.ஏ. நாம் தின்னும் கீரையிலும் மீனிலும் இருப்பதுதான், வயிற்றில் செரித்துவிடும். இந்த நுட்பத்தால் பேரப் பிள்ளைக்குக் கெடுதல் வராது.

உண்ணிகளில் 2002-லேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். சபோலெசின் என்ற ஒரு புரதத்தின் ஜீனை அமர்த்தினால் உண்ணி சரியாக இரத்தம் குடிக்காது, எடை கூடாது, முட்டையும் குறையும். ஆக உங்கள் ஏஜென்ட் எங்கோ அரைகுறையாகக் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு உண்ணியையும் பிடித்து, தலைமயிர் மாதிரி மெல்லிய ஊசியால் அதன் உடம்புக்குள் செலுத்துகிறார்கள். உங்கள் மாட்டில் முந்நூறு உண்ணி இருந்தால் முந்நூறு ஊசி. எந்த ஜீனை அடித்தால் உண்ணி தளரும் என்று கண்டுபிடித்து, அதற்குத் தடுப்பூசி செய்ய முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் இன்றைக்கு இந்த வித்தை பயன்படுகிறது. மாட்டின் மேல் தெளிப்பதற்கு அல்ல.

“அமெரிக்காவில் ஸ்ப்ரே வந்தாச்சே” என்று அவர் மறுபடி வருவார். வந்தது உண்மைதான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ‘லெட்ப்ரோனா’ என்ற இரட்டை இழை ஆர்.என்.ஏ. தெளிப்புக்கு அனுமதி தந்தது. அது உருளைக்கிழங்குச் செடியின் இலையைத் தின்கிற கொலராடோ வண்டுக்கு. வண்டு இலையை மென்று விழுங்குகிறது, மருந்தும் கூடவே வயிற்றுக்குள் போகிறது. வண்டு இனத்தின் குடல் அதை உடைக்காமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்துப்பூச்சிப் புழுக்களிடம் இதே வித்தை பெரும்பாலும் பலிப்பதில்லை, குடலிலேயே சிதைந்துவிடுகிறது. பூச்சிக்குப் பூச்சியே இவ்வளவு வித்தியாசம் என்றால், உண்ணி பூச்சியே அல்ல, எட்டுக்கால் சாதி. அது இலை தின்பதில்லை. தோலைத் துளைத்து உள்ளே இருக்கும் இரத்தத்தைக் குடிக்கிறது. தோலின் மேல் தெளித்தது அதன் வயிற்றுக்கு எப்படிப் போகும்? கிழங்கு வண்டு மருந்தைக் காட்டி மாட்டு உண்ணிக்கு விற்பது, தென்னை உரத்தைக் காட்டி மீன்குஞ்சு விற்கிற மாதிரி.

சரி, பாட்டிலில் என்னதான் இருக்கும்? நான் பார்த்த இந்த மாதிரிச் சரக்கெல்லாம் சாதாரணப் பூச்சிமருந்துதான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்து, எண்ணெய் வாடை வந்தால் தெரிந்துகொள்ளலாம். சிலர் புழுவுக்கும் உண்ணிக்கும் கொடுக்கிற ஐவர்மெக்டின் என்ற மருந்தையே பெயர் மாற்றித் தருகிறார்கள். அது பாலில் இறங்கும், கறவை மாட்டுக்குக் கூடாது. மருமகள் பயப்பட வேண்டியது இதற்கு. லேபிளில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத எதையும் தொழுவத்துக்குள் விடாதீர்கள். பில் கேளுங்கள். பில் என்றதும் பைக் ஸ்டார்ட் ஆகிவிடும்.

இனி உண்ணிக்கு வருவோம். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இடுகிறது. நம் ஊர்த் தொழுவங்களின் வெட்டுக்கல் சுவரில் இருக்கும் ஓட்டைகள் அதற்கு அரண்மனை. மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துச் சுவரை விட்டால் மூன்று வாரத்தில் மறுபடி அதே கதைதான். ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், மட்கிய வைக்கோலை அப்புறப்படுத்துங்கள். மாட்டுக்கான மருந்தை டாக்டர் எழுதித் தரட்டும். உண்ணிக்கு வழக்கமாக அடிக்கிற டெல்டாமெத்ரினுக்கு நம் நாட்டில் பல இடங்களில் உண்ணி பழகிவிட்டது. அதனால் கேட்கவில்லை என்று நீங்களே இரண்டு பங்கு கலக்காதீர்கள், மருந்து வகையை மாற்றச் சொல்லுங்கள். கலக்கிய மிச்சத்தைக் குளத்திலோ ஓடையிலோ ஊற்றினால் மீன் செத்து மிதக்கும். பழைய என்ஜின் ஆயில் பூசுகிற வேலையும் வேண்டாம். பிடுங்கின உண்ணியை நகத்தில் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

“டாக்டர் எங்கே இருக்கிறார்?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. முப்பது வருஷம் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான். உயர்தொழில்நுட்பம் பற்றி ஏசி அறையில் நாள் முழுக்க வகுப்பு நடத்துவார்கள். மறுநாள் மருந்தகத்தில் உண்ணி மருந்து இருப்பில் இராது, “அடுத்த வாரம் வாங்க” என்று சொல்ல வேண்டியவன் நான். அந்த அடுத்த வாரத்துக்குள் பைக்காரர் வந்துவிடுவார். அவருக்கு வழி திறந்துவிட்டதே நாங்கள்தான்.

கொசுவுக்கும் இப்படி ஒரு பாட்டில் வரலாம், அதையும் நம்பாதீர்கள். ரப்பர் தோட்டம் இருந்தால் பால் வெட்டாத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் தேங்கிக் கொசு பெருகாது.

கலப்பின மாடு என்பதால் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டினாலோ, தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டினாலோ, மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ உண்ணி நோய் உள்ளே இறங்கியிருக்கலாம். அன்றைக்கே கால்நடை உதவி எண்ணான 1962-க்குப் போன் செய்து, இரத்தப் பூச்சு (ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் சோதனை) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே, ஒன்று சினை மாடு என்பதையும் எத்தனை மாதம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.