எபாக்சி பூசிய மேடை பிசுபிசுத்தால்

குழித்துறை வீட்டில் பழைய மொசைக் அடுப்படி மேடைக்கு, பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கலந்து செய்யும் எபாக்சி ஊற்றி, நாலு நாளாகியும் ஒட்டுகிறது, வெண்மை படர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் வெந்நீரில் நனைத்த துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். வெண்மை போய் அடியில் கெட்டியாக இருந்தால் பயமில்லை. ஆடிச் சாரலின் ஈரக்காற்றோடு ஹார்டனர் சேர்ந்து உண்டான படலம் அது. நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே 220 நம்பர் உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளேயே இழுகும். அப்புறம் அடுத்த கோட்.

நகம் பதிந்தால் கதை வேறு. கலவை விகிதம் தவறியிருக்கும், அல்லது டப்பா ஓரத்தில் கலக்காமல் நின்றதையும் வழித்து ஊற்றியிருப்பார்கள். மேலே வெறும் ஹார்டனர் தடவச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அளவு எடையிலா, கொள்ளளவிலா என்று டப்பாவில் பாருங்கள்.

நம்ம குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, அவசரமில்லை என்றால் தை, மாசிக்குத் தள்ளிப்போடுங்கள். எதுவானாலும் கொதிக்கும் மீன்குழம்புச் சட்டியைப் பிரிமணை இல்லாமல் அதன்மேல் வைக்க வேண்டாம். சாதாரண எபாக்சி 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும்.